இல்லமும் வரவுசெலவும்: இழுத்துச் செல்லும் வீடும் இருபது ஆண்டுத் தவணையும்



அமெரிக்காவில் குடும்பத்தோடு வாழும் தம் மகனைக் குறித்துத் தாயொருவர் நமக்கு எழுதியுள்ளார். "மோட்டார் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் வீடு ஒன்றை வாங்கப் போகிறானாம். விலை 30,000 டாலர், முன்பணம் வேண்டியதில்லையாம், மாதம் 251 டாலர் கட்டினால் போதுமாம். அவனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள்தாம். ஆயினும் கையில் சேமிப்பு என்று பெரிதாக ஏதும் இல்லை. அந்த வீடு அவர்களுக்குத் தேவையா? இந்தக் கடன் தகுமா?" என்பது அவர் வினா.

முதல் வினாவுக்கு விடை கூற வேண்டியவர்கள் அந்த மகனும் மருமகளுமே. இரண்டாவது வினாவைப் பற்றி இம்மாதம் பேசுவோம். பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியுள்ள பெற்றோர் நம்மிடையே பலர். அப்பிள்ளைகள் அங்கே கையெழுத்திடும் பத்திரங்களைப் பெற்றோரும் ஓரளவு புரிந்துகொள்வது நலம்.

'டிராவல் டிரெய்லர்' என்று அங்கே அழைக்கப்படும் இவ்வண்டிக்குச் சொந்தமாக எஞ்சின் கிடையாது. சக்கரங்களின் மேல் அமைந்த சிறு வீடு அது. உள்ளே படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிவறை யாவும் உண்டு. 1930-களில் வாலி பையம் என்பவர் உருவாக்கிய 'ஏர்ஸ்ட்ரீம்' என்னும் வெள்ளிநிற வண்டி இவ்வகையில் புகழ்பெற்றது. இன்று அந்நாட்டில் இத்தகைய வண்டிகளில் மிகுதியானவை இந்தியானா மாநிலத்து எல்கார்ட் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் செய்யப்படுகின்றன. விடுமுறை நாள்களில் குடும்பமாகப் புறப்பட்டு மலையடிவாரத்திலோ ஏரிக்கரையிலோ தங்கிச் சமைத்து உண்டு திரும்புகிறார்கள். வாரம் முழுவதும் ஆளுக்கொரு திசையில் ஓடும் குடும்பம் ஒரே கூரையின்கீழ் கூடியிருக்கும் வாய்ப்பு அது. ஆகவே, இதனை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த 251 டாலரைச் சற்று உற்று நோக்க வேண்டும். 30,000 டாலரை ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுத் தவணையாகப் பிரித்தால் வரும் தொகை அது. முதல் மாதம் கட்டும் 251 டாலரில் 200 டாலர் வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 51 டாலர் மட்டுமே. ஐந்து ஆண்டுகள் தவறாமல் கட்டி, 15,000 டாலருக்கு மேல் செலுத்திய பின்னும் 26,260 டாலர் கடன் எஞ்சி நிற்கும். இருபது ஆண்டு முடிவில் கட்டி முடித்த தொகை 60,220 டாலர். வண்டியின் விலை எவ்வளவோ அவ்வளவும் வட்டியாகவும் போயிருக்கும். இதே கடனை 7 ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை 468 டாலர். மொத்தம் ஏறத்தாழ 39,280 டாலர்.

வீட்டுக் கடன் மட்டும் நீண்ட காலக் கடன் அல்லவோ என்று சிலர் கேட்கலாம். நிலத்தின்மேல் கட்டிய வீடு பெரும்பாலும் காலப்போக்கில் மதிப்பு உயரும். சக்கரத்தின்மேல் கட்டிய வீடோ கடை வாசலைக் கடந்த நாள் முதல் மதிப்பு இறங்கும். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவது வழக்கம். ஐந்தாம் ஆண்டில் அந்த வண்டியை விற்க நேர்ந்தால், நல்ல நிலையில் இருந்தாலும், 20,000 டாலர் கிடைப்பது அரிது என்று வைத்துக்கொள்வோம். கடனோ 26,260 டாலர். வேலை போனாலும், ஊர் மாற நேர்ந்தாலும், வண்டியைக் கொடுத்துவிட்டுக் கையிலிருந்து 6,000 டாலருக்கு மேல் சேர்த்துக் கட்டினால்தான் விடுதலை. இது வெறும் கற்பனை அச்சம் அன்று. நோய்த்தொற்றுக் காலத்தில், 2021-இல், இத்தகைய வண்டிகள் எல்லா வகையும் சேர்ந்து 6 லட்சம் அளவுக்கு ஆலைகளிலிருந்து புறப்பட்டன. கேட்ட விலை கொடுத்து வாங்கினார்கள். 2023-இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 3 லட்சத்து 13 ஆயிரமாகச் சுருங்கிற்று. உச்ச விலையில் நீண்ட தவணைக்கு வாங்கியோர் பலர், வண்டியின் மதிப்பைவிடக் கடன் பெரிதாக நிற்கக் கண்டனர்.

விலை பேசுவதிலும் இந்த மாதத் தவணையே பொறி. "மாதம் எவ்வளவு கட்ட இயலும்?" என்று விற்பனையாளர் மிக அன்போடு கேட்பார். அக்கேள்விக்கு விடை கூறாதிருப்பதே அறிவுடைமை. 15 ஆண்டுக்கு 287 டாலர் என்று அவர் சொல்லி, வாங்குபவர் தயங்கினால், 251 டாலராகக் 'குறைத்து'த் தருவார். விலையில் ஒரு காசும் குறையவில்லை. ஐந்து ஆண்டுகள் கூடின, அவ்வளவே. மாதம் 36 டாலர் மிச்சம் என்று மகிழ்ந்தவர் முடிவில் 8,600 டாலர் மிகுதியாகச் செலுத்துகிறார்.

எனவே வண்டியின் விலை ஒன்று, பழைய வண்டி இருந்தால் அதற்குத் தரும் மதிப்பு ஒன்று, கடன் ஒன்று என மூன்றையும் தனித்தனியே பேசி முடிக்க வேண்டும். மூன்றையும் ஒரே தாளில் கலந்துவிட்டால், ஒன்றில் கொடுத்ததை மற்றொன்றில் எடுத்துக்கொள்வது விற்பவருக்கு எளிது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசும் தரகர்கூட ஒரு நேரத்தில் ஒரு மாட்டுக்குத்தான் விலை பேசுகிறார்.

வண்டியில் ஒட்டியிருக்கும் ஆலை விலையைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. அதில் ஐந்தில் ஒரு பங்கும் சிலவேளை அதற்கு மேலும் குறைப்பது அவ்வணிகத்தில் இயல்பே. கடைக்காரர் தம் முற்றத்தில் நிறுத்தியிருக்கும் வண்டிகளைப் பெரும்பாலும் கடன் வாங்கியே நிறுத்தியுள்ளார். விற்காத ஒவ்வொரு மாதமும் அவர் வட்டி கட்டுகிறார். புதிய ஆண்டு மாதிரிகள் வந்துவிட்ட பின் நிற்கும் சென்ற ஆண்டு வண்டியும், குளிர்காலத்தில் வாங்க வருபவரும் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பது இதனால் விளங்கும். மூன்று நான்கு கடைகளுக்கு எழுதி, வரி, பதிவுக் கட்டணம், வண்டி கொணர்ந்த கூலி, ஆயத்தக் கட்டணம், பத்திரக் கட்டணம் யாவும் அடங்கிய முழு விலையை எழுத்தில் கேட்க வேண்டும். எழுதித் தர மறுப்பவரிடம் போக வேண்டியதில்லை.

விலை முடிந்ததும் வாங்குபவரைக் கடன் எழுதும் அறைக்கு அழைத்துச் செல்வர். களைப்போடும் மகிழ்ச்சியோடும் அங்கே நுழைபவரிடம்தான் கூடுதல் காப்பு ஒப்பந்தம், துணிக்கும் பூச்சுக்கும் பாதுகாப்பு என்று ஒவ்வொன்றாக நீட்டப்படும். ஒவ்வொன்றும் "மாதம் சில டாலர்தான்" என்றே சொல்லப்படும். கடன் தரும் வங்கி 7 விழுக்காட்டிற்கு இசைந்திருக்க, கடைக்காரர் 8 என்று எழுதி, அந்த இடைவெளியில் ஒரு பங்கைத் தாம் பெறுவதும் உண்டு. இது சட்டத்திற்கு உட்பட்டதே. நம் கணக்கில் அந்த ஒரு விழுக்காடு மாதம் 18 டாலர். இருபது ஆண்டில் 4,400 டாலர். 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டு வட்டி வீதம், மொத்த வட்டிச் செலவு, கடன் தொகை, தவணைகளின் கூட்டுத்தொகை ஆகிய நான்கையும் பத்திரத்தில் காட்டியே ஆக வேண்டும். மகன் அங்கே வேறொன்றையும் படிக்காவிட்டாலும் அந்த நான்கு எண்களைப் படிக்கட்டும்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. கடைக்குப் போகுமுன்பே கடனை வேறிடத்தில் உறுதி செய்துகொண்டு போவது. அந்நாட்டில் 'கிரெடிட் யூனியன்' எனப்படும் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் எங்கும் உள்ளன. அவற்றின் தோற்றம் நம் வாசகர்க்கு உவப்பளிக்கும். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில் நெசவாலைகளில் உழைத்த பிரெஞ்சுக் கனடியத் தொழிலாளர்களுக்காக, அவர்களுடைய புனித மரியன்னை பங்கின் குரு பியேர் ஹெவே, கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இத்தகைய சங்கங்களை நிறுவிய அல்போன்ஸ் தெஜார்தேனின் துணையோடு 1908-இல் தொடங்கியதே அந்நாட்டின் முதல் கிரெடிட் யூனியன். ஒரு வழக்கறிஞரின் இல்லத்தில் அது நடந்தது. அவ்வில்லம் இன்று அருங்காட்சியகம். 'செயின்ட் மேரிஸ் பாங்க்' என்ற பெயரில் அச்சங்கம் இன்றும் இயங்குகிறது. நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது 1904-இல் என்பதையும் நினைவுகொள்ளலாம். இரு நாடுகளிலும் ஒரே காலத்தில் ஒரே தேவை உணரப்பட்டது.

கூட்டாட்சி அரசின் அனுமதி பெற்ற சங்கங்கள், உறுப்பினர் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது விதி. சங்கத்தின் இசைவுக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறவரிடம் கடைக்காரர் அதைவிடக் குறைந்த வட்டி சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம், சொல்லாவிட்டால் நட்டமில்லை.

இன்னொன்று. இருபது இரவுகள் மட்டுமே ஆண்டில் அந்த வண்டியில் தங்குவதானால், தவணை மட்டுமே ஓர் இரவுக்கு 150 டாலர் ஆகிறது. காப்பீடு, நிறுத்துமிட வாடகை, முகாம் கட்டணம், டயர் யாவும் இதற்குப் புறம்பு. இப்போதுள்ள கார் அதை இழுக்குமா என்பதும் கேள்வி. விளம்பரத் தாளில் காணும் வெற்று எடையை நம்பலாகாது. தண்ணீரும் பாத்திரமும் துணியும் ஏற்றிய பின் உள்ள உச்ச எடையே கணக்கு. கார் போதாதென்றால் வண்டிக்கொரு கடனும் அதை இழுக்க மற்றொரு கடனும் வரும். முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பது நன்று. பிடித்திருந்தால், முதல் உரிமையாளரின் கையிலேயே பெரும் தேய்மானத்தை முடித்துக்கொண்ட நாலைந்து ஆண்டுப் பழைய வண்டியைத் தேடலாம்.

கையெழுத்திட்ட பின் மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பலர் அங்கே நம்புகின்றனர். வீடு தேடி வந்து விற்பவர் போன்றோரைக் குறித்து எழுந்த விதி அது. கடைக்குச் சென்று வாங்கிய வண்டிக்குப் பொருந்தாது. ஆகவே பரிசோதனை கையெழுத்துக்கு முன்பே நடக்க வேண்டும். தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றையும் இணைக்கச் சொல்லி, ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஒவ்வொரு விளக்கையும் எரித்துப் பார்க்க வேண்டும். கூரை இணைப்புகளையும், சன்னலுக்குக் கீழ்ச் சுவரையும், மூலைகளில் தரை மெத்தென்று அமிழ்கிறதா என்பதையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இவ்வண்டிகளை அழிப்பது பெரும்பாலும் உள்ளே கசியும் நீரே. கண்ட குறைகளை எழுதி, இன்ன நாளுக்குள் சரிசெய்து தருவோம் என்று கடைக்காரரின் ஒப்பத்தைப் பெற வேண்டும். வங்கிப் பணம் அவர் கைக்குப் போய்விட்டால் அவர் காட்டும் விரைவு வேறு. இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் வேலை இது. மருமகளும் உடன் சென்று, ஒருவர் திறந்து பார்க்க மற்றவர் எழுதிக்கொள்வது நல்லது.