பாட்டும் கணக்கும்

அரக்கோணத்தைச் சேர்ந்த பாடலாசிரியர் அறிவு, 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் மேடைகளில் பாடிவந்தவர். 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில், பாடகி தீயுடன் அவர் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி', திரைப்படத்தின் துணையின்றியே கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வே அதன் கரு. 1964-ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்ததை நாம் மறந்துவிடலாகாது.

புகழ் வந்தது, பெயர் விடுபட்டது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டைப்படத்தில் அறிவு இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. பாடலின் வருவாய் கலைஞர்களுக்கு வரவேயில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார்.

நம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்கிறது. பத்தாம் நூற்றாண்டில் ஊர்ச்சபை அறிந்திருந்த நியாயம் இது.

பாட்டை இரசிப்பது எளிது. உழைத்தவரின் பெயரையும் பங்கையும் கொடுப்பதே நீதி. நம் ஊர்த் திருவிழாவில் பந்தல் கட்டியவருக்கும் பறை இசைத்தவருக்கும் நாம் அவற்றைக் கொடுக்கிறோமா? சிந்திப்போம்.