ஊற்றுக்கண் ஆழத்திலா, பக்கத்திலா?

தமிழ்நாட்டு நிலப்பரப்பில் சுமார் 73 சதவீதம் கடினப்பாறைப் பகுதி. இப்பாறையில் நீர் ஓடுவது வெடிப்புகளில்தான். மேலிருந்த பாறை காலப்போக்கில் அரித்துப் போனதும், பாரம் குறைந்து அடிப்பாறை விரிகிறது. படுக்கைவாட்டில் வெடிப்பு விழுகிறது. பட்டை பட்டையான பாறையில் செங்குத்து வெடிப்பு அடுத்த பட்டையைத் தாண்டாமல் நின்றுவிடுவதும், பட்டைகள் சேருமிடத்தில் திரும்பி ஓடுவதும் உண்டு. ஆழம் போகப்போக மேற்பாரம் அழுத்தி, பொதுவாக வெடிப்புகள் குறைந்து இறுகும்.

எனவே, 1,000 அடி போர் போட்டால் தண்ணீர் நிச்சயம் என்று நம்பிக் கடன் வாங்குவது சரியல்ல. முதலில் பழைய கிணற்றைப் பாருங்கள். கசிவுள்ள வெடிப்பு எத்திசையில் ஓடுகிறதோ, அதைக் குறுக்கே வெட்டும்படி பக்கத்துளை போடலாம். செங்குத்து வெடிப்பை மேலிருந்து இறங்கும் போர் எளிதில் தவறவிடும், பக்கத்துளை பிடித்துவிடும். செலவும் குறைவு.