வரப்பு வல்லாரையும் வயோதிகமும்

வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் கேட்பாரற்றுப் படர்ந்து கிடக்கும் வல்லாரை, இப்போது கொரியாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் அழகிய சிமிழ்களில் ஏறி நமது கடைவீதிக்கு வந்து சேருகிறது. 'சிகா' என்று பெயர். முதிர்ந்த சருமத்துக்கு உகந்தது என்று விளம்பரம். விலையைக் கேட்ட மாத்திரத்தில் நமது நெற்றியில் புதிதாக இரண்டு சுருக்கங்கள் விழுந்தன என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பரிகாசம் நிற்க. இந்த மூலிகையின் பெருமை வெறும் விளம்பரக் கதையன்று. புதுச்சேரியில் இருந்த லெபீன் என்னும் பிரெஞ்சு மருந்தாளர் 1855-லேயே இதை ஆராய்ந்து, தாம் கண்ட பொருளுக்கு நமது தமிழ்ப் பெயரைக் கொண்டே 'வெல்லாரின்' என்று நாமகரணம் செய்தார். பிற்பாடு 1941-ல் 'ஏஷியாடிகோசைடு' என்னும் சத்தும் பிரித்தெடுக்கப்பட்டது.

சருமம் ஏன் தளர்கிறது? தோலுக்கு உறுதி தருவது 'கொலாஜென்' என்னும் நார்ப்பொருள். வயது ஏற ஏற அது குறைகிறது. வெயில் அதை மேலும் சிதைக்கிறது. தோல் மெலிந்து வறண்டு, சிறிது உராய்ந்தாலும் எரிகிறது. வல்லாரைச் சத்துக்கள் அந்த எரிச்சலைத் தணிக்கின்றன. கொலாஜென் உண்டாவதைத் தூண்டுகின்றன என்றும் சோதனைச் சாலைகளில் கண்டிருக்கிறார்கள். 2008-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 20 பெண்மணிகள் ஆறு மாத காலம் வல்லாரைச் சத்துள்ள களிம்பைப் பூசிவந்தனர். சுருக்கங்கள் ஓரளவு குறைந்தன. ஆனால் அக்களிம்பில் வைட்டமின் 'சி'யும் இருந்தது. ஆகையால் மாலை முழுவதையும் வல்லாரையின் கழுத்திலேயே போடுவது நியாயமாகாது.

வாங்க விரும்புவோர் வாசனை சேராத களிம்பாகப் பார்த்து வாங்குவது நலம். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சில நாள் பூசி, அரிப்போ தடிப்போ இல்லையென்று கண்ட பிறகே முகத்துக்குக் கொண்டு போகவேண்டும். குளித்தவுடன், ஈரம் முற்றும் உலருமுன் பூசினால் வறட்சி நன்கு அடங்கும். பச்சை இலையை அரைத்து அப்புவது சிலருக்குத் தோலைப் புண்ணாக்கிவிடும். இலையைத் துவையலுக்கு விட்டுவிடலாம். வெயிலில் குடை பிடிக்காதவருக்கு எந்தக் களிம்பும் முழுப் பயன் தராது.

எழுபது வயதுப் பாட்டியை இருபது வயதுக் குமரியாக்க எந்தச் சிமிழாலும் ஆகாது. பாட்டி அதைக் கேட்கவுமில்லை. வறண்ட கைகால்கள் எரியாமல் இரவில் நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்கிறார். அதைச் செய்து கொடுப்பது நமது கடமை. விலை உயர்ந்த சிமிழ் கிடைக்காவிட்டால், சாதாரணத் தேங்காயெண்ணெயை அன்போடு தடவிவிட்டாலும் அவர் குறை சொல்லமாட்டார்.