குடையும் வாடகையும்

திருமலை பிரம்மோற்சவத்துக்காகச் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் குடைகள் யானைக்கவுனியைத் தாண்டும் வேளையில் நம் கடைத்தெருவே கைகூப்பி நிற்கிறது. எத்தனை குடை, என்ன பூசை என்பது பக்தர்கள் பாடு. கூட்டமும் போக்குவரத்தும் போலீசார் பாடு. இதில் யாருக்கும் சண்டையில்லை.

1954-ல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடும் ஏறக்குறைய இதுவே. சடங்கு சமயத்தாரின் உரிமை; சொத்து நிர்வாகத்தை அரசு சட்டப்படி முறைப்படுத்தலாம்.

கோயில் இடத்தில் கடை வைத்திருக்கும் நம்மவர் சிலரோ, வாடகையை உயர்த்தி நோட்டீஸ் வந்ததும், 'அரசே, கோயிலை விட்டு வெளியேறு' என்கிறார்கள். பழைய வாடகைக்குப் பிடித்த கடையை உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தபோது இந்தப் பக்தி எங்கே போயிற்று? (கோபிக்க வேண்டாம், சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.) வாடகை சமயமல்ல, கணக்கு. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையர் அனுமதி வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதும் சுவாமி சொத்துக்குக் காவலாகத்தான்.

அந்தக் கணக்கை அறநிலையத் துறையிடமும் நாம் கேட்க வேண்டும். எந்த அளவுகோலில் உயர்த்தினார்கள்? வசூலானதில் விளக்குக்கும் நைவேத்தியத்துக்கும் எவ்வளவு, அலுவலகச் செலவுக்கு எவ்வளவு? கோயில் வாசலில் பலகை வைத்து எழுதிப் போடட்டும். நாமும் தேதி தவறாமல் கட்டி ரசீது வாங்குவோம்.