பாட்டுக்கும் கள்ள மார்க்கெட்டா?

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் மல்லாட்டை ஆய்கிற தாய்மாருக்கும், அரவை மில்லில் மூட்டை தூக்குகிற தோழர்களுக்கும் ‘கோல்ட்ப்ளே’ என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். அதனால் குறைவொன்றும் இல்லை. வீட்டில் கைப்பேசியும் கையுமாக இருக்கிற பிள்ளையைக் கேட்டால் சொல்லும். இங்கிலாந்து நாட்டுப் பாட்டுக் குழு அது. நான்கு பேர். உலகம் பூராவும் பெரிய பெரிய விளையாட்டரங்குகளில் கச்சேரி நடத்துகிறவர்கள். 2022 மார்ச்சில் கோஸ்டாரிக்காவில் தொடங்கிய அவர்களுடைய சுற்றுப்பயணத்தின் மொத்த வசூல் 100 கோடி டாலரைத் தாண்டியது. அந்தப் பயணம் 2025 ஜனவரியில் நம் நாட்டுக்கும் வந்தது. நவி மும்பையில் டி.ஒய். பாட்டீல் அரங்கில் மூன்று நாள், அகமதாபாத்தில் நரேந்திர மோடி அரங்கில் இரண்டு நாள் கச்சேரி.

“பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் சமாச்சாரம், நமக்கென்ன?” என்று தோழர்கள் கேட்கக்கூடும். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

நவி மும்பைக் கச்சேரிக்கு டிக்கெட் விலை 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 ரூபாய் வரை போயிற்று. அதே 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு சர்க்கார் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். கைக்கு வந்தது பல ஊர்களில் அதற்கும் குறைவு என்பது வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். முழுக் கூலியே கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும், நூறு நாளும் ஒரு நாள் விடாமல் ஏரி வெட்டிய குடும்பத்துக்கு வந்திருக்கக் கூடியது 31,900 ரூபாய். ஒரு வருஷத்துக்குச் சட்டம் உறுதி சொன்ன வேலை முழுவதையும் செய்து முடித்தாலும் ஒரு ராத்திரிப் பாட்டுக்கு, அந்த உசந்த வகுப்பில் ஒரு நாற்காலி வாங்க 3,100 ரூபாய் குறைகிறது! ஆகக் குறைந்த டிக்கெட்டுக்கே எட்டு நாள் மண் சுமக்க வேண்டும்.

2,000 ரூபாய்க்கும் சில டிக்கெட்டுகளை அந்தக் குழு விற்கச் செய்தது. உண்மைதான், மறைக்கவில்லை. யானைக்கு முன்னால் ஒரு பிடி கரும்பு!

விலையாவது வெளிப்படையான விலை. அதற்குப் பின்னால் நடந்ததுதான் பகற்கொள்ளை. 2024 செப்டம்பர் 22ஆம் தேதி பகல் 12 மணிக்கு ‘புக் மை ஷோ’ கம்பெனியின் இணைய தளத்தில் விற்பனை திறந்தது. ஒரு கோடியே முப்பது லட்சம் பேர் மொய்த்ததாகக் கம்பெனியே சொன்னது. அரங்கோ ஒரு நாளைக்குச் சுமார் அரை லட்சம் பேரை ஏற்கிற அளவுதான். கண்மூடித் திறப்பதற்குள் டிக்கெட் தீர்ந்தது. தீர்ந்த டிக்கெட் எங்கே போயிற்று? அன்றைக்கே வேறு தளங்களில் தலை காட்டியது, லட்சக்கணக்கான ரூபாய் விலையோடு!

ரேஷன் கடையில் “ஸ்டாக் இல்லை” என்று சொல்லிவிட்டுப் பின்கட்டு வழியாக மண்ணெண்ணெய் விற்றதைப் பார்த்தவர்கள் நாம். அதே வித்தைதான். கேன் போய்க் கணினி வந்திருக்கிறது.

மும்பை போலீசார் கம்பெனித் தலைவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கள்ள விற்பனைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று கம்பெனி மறுத்தது. தானும் புகார் கொடுத்தது. அக்டோபரில் அமலாக்கத் துறை ஐந்து நகரங்களில் சோதனை போட்டு, கைப்பேசிகளையும் சிம் கார்டுகளையும் அள்ளிக்கொண்டு போயிற்று. போலி டிக்கெட்டுகளும் விற்கப்பட்டது தெரிய வந்தது. பொதுநல வழக்கு பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போனது. சட்டம் செய்வது சட்டம் இயற்றுகிறவர்களின் வேலை என்று சொல்லி 2025 ஜனவரியில் கோர்ட்டு அதை முடித்துவிட்டது. நெல்லைப் பதுக்கினால் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. டிக்கெட்டைப் பதுக்கினால் பிடிக்கத் தனிச் சட்டம் இல்லை.

கச்சேரியை ஏற்பாடு செய்ததும் அந்தக் கம்பெனி, டிக்கெட் விற்றதும் அதே கம்பெனி. அதில் ரிலையன்ஸ் வகையறாவுக்கு நீண்ட காலமாகப் பங்கு இருந்து வந்திருக்கிறது. உள்ளே போக முடியாதவர்களுக்கு ஜனவரி 26ஆம் தேதிக் கச்சேரியைக் கைப்பேசியில் நேரடியாகக் காட்டிய ஹாட்ஸ்டாரும் அப்போது ரிலையன்ஸ் கூட்டில் சேர்ந்துவிட்டது. வாசலிலும் அவர்கள், சன்னலிலும் அவர்கள். அமெரிக்காவிலும் இதே நோய்தான். கச்சேரி நடத்துகிற லைவ் நேஷனும் டிக்கெட் விற்கிற டிக்கெட்மாஸ்டரும் 2010இல் ஒன்றாகின. இது ஏகபோகம் என்று 2024 மே மாதம் அந்நாட்டு சர்க்காரே வழக்குப் போட நேர்ந்தது. முதலாளித்துவத்தின் தலைநகரிலேயே இந்த வழக்கு!

நம் பிரதமருக்கு இதெல்லாம் உறுத்தவில்லை. 2025 ஜனவரி 28ஆம் தேதி புவனேசுவரத்தில் இந்தக் கச்சேரிகளை எடுத்துக்காட்டி, ‘கச்சேரிப் பொருளாதாரம்’ வளர நல்ல வாய்ப்பு இருக்கிறது, மாநில அரசுகளும் தனியாரும் அதற்கு வேண்டிய வசதிகளைச் செய்ய வேண்டும் என்று பேசினார். வசதி யார் பணத்தில், லாபம் யார் பெட்டியில் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

பம்பாய்க் கதை தூரத்துக் கதை என்றால், பனையூர் நமக்குப் பக்கம்தான். 2023 செப்டம்பர் 10ஆம் தேதி சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ கச்சேரி நடந்தது. ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தங்க வகுப்பு, வைர வகுப்பு என்று டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நெரிசலில் திண்டாடினார்கள். பெண்களிடம் கைவரிசை காட்டிய அயோக்கியர்களைப் பற்றியும் புகார் வந்தது. சாலை மணிக்கணக்கில் அடைத்துக்கொண்டது. ஏற்பாட்டாளர்கள் மீது போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று ரஹ்மானே கேட்டுக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆனால் ஒரு கலைஞரின் நல்ல மனசை நம்பியா ஆயிரக்கணக்கான ஜனங்களின் உயிரும் மானமும் இருக்க வேண்டும்?

கூட்டம் அதிகமானால் குழப்பம் வரத்தான் செய்யும் என்கிறார்கள். திருவண்ணாமலைக்காரர்களிடம் இந்தக் கதை செல்லாது. கார்த்திகை தீபத்துக்குப் பல லட்சம் ஜனங்கள் வந்து 14 கிலோ மீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள். சிறப்பு பஸ், தற்காலிக பஸ் நிலையம், தண்ணீர், ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாவற்றையும் சர்க்கார் நாள்கணக்கில் திட்டம் போட்டுச் செய்கிறது. குறைகள் உண்டு, நெரிசலும் உண்டு. என்றாலும் பாதையில் நடக்கிறவனிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. (கோவிலுக்குள் தீபம் பார்க்க இணையத்தில் கட்டண டிக்கெட் வந்துவிட்டது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

பாட்டும் கூத்தும் நமக்குப் புதிதல்ல. திரௌபதி அம்மன் கோவில் பாரதத்தில் ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து நடக்கும்போது, தலைக்கட்டு வரி போட்டு ஊரே செலவு செய்கிறது. முதலில் வந்து சாக்கு விரித்தவருக்கு முதல் இடம். பழம் பெருமை பேசி மயங்கவும் வேண்டாம்: அந்தக் களத்திலும் கோடு இருந்தது. சேரி ஜனங்கள் எட்ட நின்றே பார்க்க வேண்டியிருந்த ஊர்கள் எத்தனை! சாதி போட்ட அந்தக் கோட்டை அழிக்க நம் முன்னோடிகள் அடிபட்டார்கள். இப்போது பணம் அதே களத்தில் தங்கக் கோடு, வைரக் கோடு போடுகிறது.

அரங்குக்குப் போன இளைஞர்களை நாம் ஏசப் போவதில்லை. மில்லில் எட்டு மணி நேரம் நின்றவனுக்கும் பாட்டு வேண்டும். நடவு நட்ட பெண் பாடாத பாட்டா? பாட்டின் மேல் ஜனங்களுக்குள்ள ஆசையைத் தூண்டிலாக்கி மீன் பிடிக்கிறவர்கள் மேல்தான் நம் கோபம்.

இந்தக் கச்சேரிகளில் யார் கண்ணிலும் படாத இன்னொரு கூட்டமும் உண்டு. இரும்புச் சாரம் கட்டுகிறவர்கள், விளக்குத் தூக்குகிறவர்கள், வாசலில் ராத்திரி முழுக்க நிற்கிற காவலாளிகள், விடிந்ததும் குப்பை அள்ளுகிற பெண்கள். நம் பக்கத்திலிருந்து சென்னைக்குப் பிழைக்கப் போகிற பிள்ளைகள் செய்கிற வேலைகள் இவை. காண்ட்ராக்டருக்குக் கீழே காண்ட்ராக்டர் என்று போவதால், கூலி நின்றுபோனால் யாரைக் கேட்பது என்றே தெரியாது. வயலின் வாசிக்கிறவரும் உழைப்பாளிதான் என்று சொல்லி, சென்னையில் திரைப்பட இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர் எம்.பி. சீனிவாசன். மேடைக்கு மேலே இருப்பவர்களுக்கு முடிந்தது மேடைக்குக் கீழே இருப்பவர்களுக்கு முடியாதா?

தமிழ்நாட்டு சர்க்காருக்குச் சொல்கிறோம். சென்னை நேரு விளையாட்டரங்கம் போன்றவை ஜனங்களின் வரிப்பணத்தில் நிற்பவை. அவற்றை வாடகைக்கு விடும்போது, இத்தனை இடங்கள் ஒரு நாள் கூலிக்கு மேற்படாத விலையில் விற்கப்பட வேண்டும் என்று நிபந்தனை போடட்டும். மொத்தம் எத்தனை டிக்கெட், பொதுவில் எத்தனை, சலுகையாக எத்தனை என்பதைக் கச்சேரிக்கு முன்பே பகிரங்கமாக அறிவிக்கச் செய்யட்டும். உள்ளே விடப்படாதவருக்கு ஏழு நாளில் பணம் திரும்ப வேண்டும். டிக்கெட்டைப் பதுக்கிக் கூடுதல் விலைக்கு விற்பதைக் குற்றமாக்கிச் சட்டசபையில் மசோதா வரட்டும். சாரம் கட்டுகிற ஆள் முதல் குப்பை அள்ளுகிற பெண் வரை, அன்றைய கூலியும் விபத்து ஈட்டுறுதியும் முக்கிய ஏற்பாட்டாளரின் பொறுப்பு என்று அந்த வாடகைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். கூலி பட்டுவாடா ஆன பிறகுதான் அவருடைய முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.