குளிரில் நடுங்கினால்தான் நம்புவீர்களா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. அமெரிக்காவில், மினசோட்டா பக்கம், ஒரு தம்பதி டிராவல் டிரெய்லரில் (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போவார்களே, அந்தச் சக்கர வீடு) பனிக்காலம் முழுக்கக் குடியிருக்கிறார்கள். வெளியே மைனஸ் 25 டிகிரி. அடியில் காற்று புகாமல் சுற்றிலும் பலகை வைத்து அடைக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்க மின்சாரத்தில் சூடாகும் நாடாவைச் சுற்றுகிறார்கள். ஜன்னலுக்கு பிளாஸ்டிக் தாள். விடுகிற மூச்சே சுவரில் தண்ணீராக வடியுமாம், அதற்கு ஒரு மெஷின். குழுவில் ஒரே கைதட்டல். என்ன உழைப்பு, என்ன மூளை!

முதலில் கைதட்டியவர் எங்கள் பிளாக்கின் பெரியவர். 2020 டிசம்பரில் இதே குழுவில் அவர் போட்ட ஒரு படம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. டெல்லி - ஹரியானா சிங்கு எல்லையில் ஒரு பஞ்சாபி தாத்தா கால் பிடித்துவிடும் மெஷினில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். கீழே "இது போராட்டமா, பிக்னிக்கா?" என்று ஒரு வரி. முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அதை அப்படியே ஊர்க் குழுவுக்குத் தள்ளிவிட்டவன் அடியேன்தான்.

எனக்குக் கோபம் இருந்தது. வீடு ரோகிணியில், பிராஞ்ச் எல்லைக்கு அந்தப் பக்கம். நெடுஞ்சாலையை அடைத்ததும் கிராமத்துச் சாலைகளில் சுற்றிச் சுற்றி, முக்கால் மணி நேரப் பயணம் இரண்டு மணி நேரமானது. அங்கே கடை வைத்திருந்தவர்களுக்கு என்னைவிடப் பெரிய நஷ்டம். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு பிக்னிக் என்று புளுகியது நியாயமா?

2021 ஜனவரி 1 அன்று காலை டெல்லி சப்தர்ஜங்கில் 1.1 டிகிரி. பதினைந்து வருஷங்களில் அவ்வளவு குறைந்ததில்லை. அடுத்து இரண்டு மூன்று நாள் மழை வேறு. நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்து, இட்லி மாவு இரண்டு நாளாகியும் புளிக்காமல் கிடந்த வாரம் அது. மழை விட்ட பிறகு ஒரு நாள் வண்டியை இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தே எல்லையைக் கடந்தேன். டிராலிக்குள்ளிருந்து ஒருவர், "வாங்க சாப், சாய் குடிச்சிட்டுப் போங்க" என்று ஹிந்தியில் கூப்பிட்டார். ஏறினேன்.

நெல்லும் கரும்பும் ஏற்றுகிற இரும்புத் தொட்டி அது. தரையில் வைக்கோல். (எரித்தால் டெல்லி மூச்சுத் திணறுகிறது என்று வருஷா வருஷம் நாம் திட்டுகிறோமே, அதே வைக்கோல்தான்.) அதன் மேல் மெத்தை, ரஜாய். மேலே கம்பி வளைத்துத் தார்ப்பாய். டிராக்டர் பேட்டரியில் ஒரு பல்பு. ஏழெட்டுப் பேர் படுக்கை. விட்ட மூச்சு தார்ப்பாயில் நீராகி ரஜாய் மேலேயே சொட்டுகிறது. உள்ளே கரி அடுப்பு வைக்கலாமே என்று கேட்டேன். "மூடின இடத்துல அங்கீட்டி வெச்சா காலையில எழுந்திருக்க மாட்டோம் சாப்" என்றார். அதே புத்திசாலித்தனம், அதே உழைப்பு. மெஷின் மட்டும்தான் இல்லை. அமெரிக்காக்காரர் செய்தால் மூளை, பஞ்சாப்காரர் செய்தால் சொகுசா?

அடுத்த கேள்வி, "டிராக்டரில் வந்தவன் ஏழையா?" பேங்க்காரனிடம் இதைக் கேட்கக் கூடாது சாமி! டிராக்டர் வாசலில் நிற்கும், ஆனால் கடன் அடையும்வரை அடமானம் எங்களிடம். தவணை அறுவடைக்கு அறுவடை. விளைச்சலோ விலையோ படுத்தால் தவணையும் படுக்கும். இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு சொன்னால் பி.காம். முதல் வருஷத்திலேயே பெயில் போடுவார்கள். நாம் பார்த்ததெல்லாம் சொத்துப் பக்கம்தான்: டிராக்டர், கீசர், கால் பிடிக்கிற மெஷின்.

சரி, ஒன்றுமே இல்லாமல் வந்தால் நம்பினோமா? 2017இல் அய்யாக்கண்ணு தலைமையில் நம்ம ஊர் விவசாயிகள் ஜந்தர் மந்தரில் 41 நாள் உட்கார்ந்தார்கள். கோவணம் கட்டி, மண்டை ஓடு வைத்துக்கொண்டு, எலியை வாயில் கவ்விக்கூடப் பார்த்தார்கள். அப்போது டெல்லித் தமிழர்களில் எத்தனை பேர் "நாடகம், மானத்தை வாங்குகிறார்கள்" என்றோம்? கந்தலோடு வந்தால் நாடகம், கம்பளியோடு வந்தால் பிக்னிக். அப்படியானால் எப்படித்தான் வரவேண்டும், சொல்லுங்கள்.

மூன்று சட்டங்களும் நல்லவை என்று வாதாடுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன். சாலையை மறித்தது தப்பு, ஜனவரி 26 அன்று செங்கோட்டையில் நடந்தது தப்பு என்று சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். ஆனால் 1.1 டிகிரியில் ஒரு கிழவர் வெந்நீரில் குளித்தார் என்பது வாதமே இல்லை. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நவம்பரிலேயே கீசர் போடுகிறோம் இல்லையா?

2021 நவம்பர் 29 அன்று பாராளுமன்றம் சட்டங்களை ரத்து செய்தது. டிசம்பர் 11 முதல் டிராலிகள் ஊர் திரும்பின. இறந்தவர்கள் 700 பேருக்கு மேல் என்றன விவசாயச் சங்கங்கள். எங்களிடம் பதிவேதும் இல்லை என்று வேளாண் அமைச்சகம் பாராளுமன்றத்தில் பதில் கொடுத்தது. பேரேட்டில் வராத செலவு, அவ்வளவுதான்.

அடுத்த தடவை இப்படி ஒரு படம் வந்தால், தள்ளிவிடும் முன் ஒரு நிமிஷம் பொறுங்கள். குழந்தைகளும் நம் போனைப் பார்க்கிறார்கள்.

டிஸ்கி: ஊர்க் குழுவில் என் பழைய படத்துக்கு மறுப்புப் போட்டுவிட்டேன். ரொம்ப லேட்தான். பிளாக் பெரியவர் இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தால், நல்ல ஃபில்டர் காப்பி உண்டு. சூடாகவே தருகிறேன்.