ஒரு சதவீத வட்டியும் சாதியும்

வீட்டுக் கடன் வட்டியைக் குறைப்பது எப்படி என்று சொல்லித்தரும் காணொளிகள் யூடியூபில் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலும் மூன்று அறிவுரைகள்: சிபில் மதிப்பெண்ணை 750க்கு மேல் வைத்திருங்கள், முன்பணத்தைக் கூட்டுங்கள், நான்கு வங்கிகளில் விசாரியுங்கள். அறிவுரையில் தவறில்லை. அதைப் பின்பற்ற யாரால் முடியும் என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 லட்சம் ரூபாய் கடன், 20 ஆண்டு. வட்டி 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 17,356 ரூபாய். 9.5 என்றால் 18,643 ரூபாய். கடன் முடியும்போது இரண்டாமவர் 3 லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டியிருப்பார். ஒரு பிள்ளையின் கல்லூரிச் செலவு அது.

மதிப்பெண் யாருக்கு இருக்கும்? முன்பே கடன் வாங்கி அடைத்தவருக்கு. தலைமுறையாகக் கூலியை ரொக்கமாக வாங்கிய குடும்பத்திலிருந்து வரும் முதல் மாதச் சம்பளக்காரருக்குக் கடன் வரலாறே இருக்காது.

முன்பணம்? 25 லட்சத்துக்கு ஒரு பழைய வீட்டை வாங்க 20 லட்சம் கடன் கிடைத்தாலும், மீதி 5 லட்சமும், தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்ந்த 9 சதவீதமும் கையில் வேண்டும். மொத்தம் 7.25 லட்சம். பூர்வீக நிலத்தில் ஒரு பகுதியை விற்றால் இது புரளும். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் 16.6 சதவீதம் பட்டியல் சாதியினர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பிலோ சாகுபடிப் பரப்பில் அவர்கள் கையிலிருப்பது 10 சதவீதத்துக்கும் குறைவு. எதை விற்பது?

நான்கு வங்கி ஏறலாம். ஆனால் சொந்த மனையில் வீடு கட்ட நினைப்பவர் கையிலிருப்பது அரசு கொடுத்த நிபந்தனைப் பட்டா என்றால்? அதை அடமானமாக ஏற்க வங்கி தயங்கினால், மிஞ்சுவது அதிக வட்டி கேட்கும் தனியார் நிதி நிறுவனம்தான். படிவத்தில் சாதியைக் கேட்காமலேயே சாதி வட்டியாக மாறிவிடுகிறது.

அமெரிக்காவில் வீட்டுக் கடன் விவரங்களை வெளியிடக் கட்டாயப்படுத்தும் சட்டம் 1975இலேயே வந்தது. பின்னர் விண்ணப்பித்தவரின் இனமும் அதில் சேர்ந்தது. கறுப்பின, லத்தீன் மக்களிடம் அதிகக் கட்டணமும் வட்டியும் வாங்கியதாக அரசு தொடுத்த வழக்குகளில் கண்ட்ரிவைடு 2011இல் 33.5 கோடி டாலருக்கும், வெல்ஸ் ஃபார்கோ 2012இல் 17.5 கோடி டாலருக்கும் சமரசம் செய்துகொண்டன. பாகுபாடு அங்கு ஒழிந்துவிடவில்லை. ஆனால் அதைக் காட்ட எண்கள் இருக்கின்றன. இங்கே எந்தச் சாதியினரின் விண்ணப்பங்கள் எத்தனை நிராகரிக்கப்பட்டன, கிடைத்தவர்களுக்கு என்ன வட்டி என்று வெளியிடும் கட்டாயம் எந்த வங்கிக்கும் இல்லை.

வீடு வாங்கப் போகும் தோழர்கள் இருக்கும் உரிமைகளை விடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை கடன் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைந்தவை. அதற்கு மேல் வங்கி எத்தனை சதவீதம் வைக்கிறது, ஏன் என்று கேளுங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபருக்கு அபராதம் கிடையாது. குறைந்த வட்டிக்கு வேறு வங்கிக்கு மாறலாம்.

இவை தனித்தனியாகச் செய்யக்கூடியவை. கூட்டாகக் கேட்க வேண்டியவை இரண்டு: சாதிவாரியாக விண்ணப்பம், நிராகரிப்பு, வட்டி விவரங்களை ஒவ்வொரு வங்கியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அரசு கொடுத்த பட்டாவை வங்கி ஏற்காவிட்டால் அந்தக் கடனுக்கு அரசே உத்தரவாதம் தர வேண்டும்.